வாக்குத்தத்த அட்டையில் வரும் எரேமியா 29:11... அது உண்மையில் யாருக்கு எழுதிய கடிதம்?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல சர்ச்சுகளில் ஒரு தட்டு சுற்றி வரும். அதிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுக்கணும். அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கான வசனம். அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்கள் எதிர்காலத்துக்குக் கடவுளிடம் நல்ல திட்டம் இருக்கிறது என்பது அதன் சாரம்.

எனக்கும் ஒரு வருஷம் அதுதான் வந்தது. மார்ச்சில் வேலை போச்சு. "வசனம் வந்திருக்கே, சீக்கிரம் வேற வேலை கிடைச்சிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட ஆறுதல். ஜூன் வரைக்கும் ஒண்ணும் நடக்கலை. நம்ம விசுவாசத்தில்தான் ஏதோ குறையோ என்று தோன்ற ஆரம்பித்த பிறகுதான், அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன்.

இரண்டு வருஷமா, எழுபதா?

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் நாடு கடத்திக்கொண்டு போனார். அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம்தான் 29-ம் அதிகாரம்.

முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிடுவாங்க என்கிறார். (இன்றைக்கு இருந்தால் அவர் வீடியோதான் வைரல் ஆகியிருக்கும்.) எரேமியா சொன்னது 70 வருஷம். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பப் போவதில்லை. இந்த 70 இருப்பது 10-ம் வசனத்தில். அட்டையில் அது அச்சாவதில்லை.

சரி, அதுவரை என்ன செய்வது? வீடு கட்டி, தோட்டம் போட்டு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று அங்கேயே வாழச் சொல்கிறார். தங்களைப் பிடித்துப்போன ஊரின் நலனுக்காக ஜெபிக்கவும் சொல்கிறார். எனக்கு இந்த இடம்தான் கஷ்டமாக இருந்தது. பாபிலோனில் யூதர்கள் அப்படியே வேரூன்றியதற்குச் சாட்சியும் உண்டு. அவர்கள் அங்கே விவசாயம் செய்ததையும் வரி கட்டியதையும் அந்தக் காலக் களிமண் பலகைகள் பதிவு செய்திருக்கின்றன.

அந்த 'உங்கள்' யார்?

தமிழ் பைபிளில் கடவுள் ஒரு தனி ஆளிடம் 'நீ' என்றுதான் பேசுவார். 11-ம் வசனத்தில் இருப்பது 'நீங்கள்', 'உங்கள்'. மரியாதைக்காக இல்லை, பன்மை. ஒரு கூட்டத்துக்கே சொன்ன வாக்கு அது. ஒருத்தருடைய இன்டர்வியூ ரிசல்ட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

அப்போ அட்டையை வைத்து ஜெபிப்பது தப்பா? நான் அப்படி நினைக்கலை. ஆனா அந்தப் பன்மையைச் சேர்த்தே படிக்கணும். வாலிபர் ஐக்கியத்தில் ஒரு அண்ணன் மட்டும் எனக்கு வசனம் அனுப்பலை. "வாடகைக்கு என்னடா பண்ற?" என்று கேட்டு, இரண்டு மாச வாடகையை அனுப்பினார். நானும் 'இந்த வாரம் கிடைச்சிடும்' என்று காத்திருப்பதை விட்டு, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன்.

வேலை அக்டோபரில் கிடைத்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக.