எட்டு மாணவர்கள், ஒரு டேப் ரிக்கார்டர்

கட்டுரை நோட்டைத் திருத்தாத ஆங்கில ஆசிரியர் உண்டா? கிடையாது. அந்தக் கட்டுரையை மாணவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர்? அமெரிக்காவிலேயே 1960கள் வரை தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைக் கொண்டுவந்தது 1885-ல். பிறகு நாடு முழுக்க அந்த வகுப்பு பரவியது. நடத்துவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. ஷேக்ஸ்பியரும் மில்டனும் பேராசிரியர்களுக்கு. கட்டுரை நோட்டு மூட்டை பெரும்பாலும் ஆய்வு மாணவர்களுக்கு. இன்றும் பல பல்கலைக்கழகங்களில் இதுதான் நிலை.

எழுதக் கற்பித்தலைப் பற்றிய ஆய்வுகளில் பெரிய திருப்பங்களை உண்டாக்கியவையும் முனைவர் பட்ட மாணவிகளின் ஆய்வேடுகளே.

1969-ல் ஜேனட் எமிக் ஹார்வர்டில் தம் ஆய்வேட்டை முடித்தார். சிகாகோ வட்டாரத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர், ஒரு டேப் ரிக்கார்டர். அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொன்னார். எங்கே தயங்குகிறார்கள், எங்கே அடிக்கிறார்கள், எப்போது ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தரவு. லின் என்று அவர் பெயரிட்ட ஒரு மாணவிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

பாடப்புத்தகங்கள் சொன்ன வரிசை எளிது: முதலில் குறிப்புச் சட்டகம், அடுத்து கட்டுரை, கடைசியில் திருத்தம். பிள்ளைகள் அப்படி எழுதவில்லை. முன்னே போனார்கள், திரும்பி வந்தார்கள், பாதியில் எண்ணத்தை மாற்றினார்கள். பள்ளிக்காக எழுதும்போது அவசரமாகத் தொடங்கி, அவசரமாக முடித்து, மார்க் போடும் ஒருவரை மட்டும் மனதில் வைத்தார்கள். தமக்காக எழுதும்போதோ நிறுத்தி யோசித்தார்கள், திரும்பப் படித்தார்கள். பிழை பொறுக்குவதையே கற்பித்தலாக நினைக்கும் பள்ளிகளை எமிக் மிகக் கடுமையாகச் சாடினார். 1971-ல் அந்த ஆய்வு நூலாக வந்தபோது ஆசிரியர்கள் சிலருக்கு நிச்சயம் சுருக்கென்று இருந்திருக்கும்.

என்னை அதிகம் பாதித்தது அடுத்தவர், சாண்ட்ரா பெர்ல். 1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், பள்ளிப்படிப்பை முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படி ஏறாத பிள்ளைகள் திரளாக வந்தார்கள். அவர்களுடைய தாள்களைப் பார்த்து, 'இதுகளுக்கு எழுத வராது' என்று கைகழுவியவர்கள் ஏராளம். பெர்ல் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பிராங்க்ஸ் பகுதியின் ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரியில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, எழுதும்போது அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் நேரவாரியாகக் குறியிட்டார். எழுதுவது, படிப்பது, மௌனமாக இருப்பது, திருத்துவது, எதையும் விடவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ஆய்வேடாகி, மறு ஆண்டே ஆய்விதழில் கட்டுரையாக வந்தது அது.

ஐவரில் ஒருவர் டோனி. இருபது வயது, முன்னாள் மரைன் படைவீரர், பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாளில் சொற்கள் விடுபட்டிருக்கும், விகுதிகள் இருக்காது. ஆனால் அதையே உரக்கப் படிக்கச் சொன்னால், தாளில் இல்லாத சொல்லையும் சேர்த்துச் சரியாகப் படிப்பார்! கண் தாளைப் பார்த்தாலும், வாய் படித்தது மனதில் இருந்ததை. இலக்கணம் தெரியாதவர் என்று அவரை எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் தெரிந்தது. இந்த மாணவர்கள் பிழையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்ல. அளவுக்கு மீறிக் கவலைப்பட்டார்கள். ஒரு வாக்கியம் முடியுமுன் நிறுத்தி எழுத்துப்பிழை தேடினார்கள், அதற்குள் சொல்ல வந்தது நழுவியது. சிவப்பு மையை இன்னும் தாராளமாகத் தெளித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்சி சாமர்ஸ் இதே காலத்தவர், பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவி. புதிய மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் திருத்தி எழுதும் விதத்தை ஒப்பிட்டார். மாணவர்கள் சொல்லை மாற்றினார்கள். எழுத்தாளர்கள் வாதத்தையே பிரித்து மீண்டும் கட்டினார்கள்.

குறைகள் உண்டு. எட்டுப் பேரை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுதலாமா? வாய்விட்டுப் பேசச் சொன்னாலே எழுதும் விதம் மாறாதா? மாணவனின் வீடு, நிறம், வர்க்கம் எல்லாம் எங்கே? அடுத்த தலைமுறை கேட்ட நியாயமான கேள்விகள் இவை. ஆனாலும் தாளிலிருந்து எழுதுபவர் பக்கம் பார்வையைத் திருப்பியது இந்த மாணவிகள்தான்.

நம் ஆங்கிலத் துறைகளில் ஒரு நாவலாசிரியரை எடுத்து, ஒரு கோட்பாட்டைப் பொருத்தி, ஐந்து அத்தியாயம் எழுதி முடிக்கும் தீசிஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டு அரசுக் கலைக் கல்லூரியில் முதல் ஆங்கிலப் பத்தியை எழுதத் திணறும் முதல் தலைமுறைப் பட்டதாரியைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த ஆய்வேடு என் கண்ணில் படவில்லை. பெரிய நிதி எதுவும் வேண்டாம், டேப் ரிக்கார்டர் இப்போது எல்லார் செல்போனிலும் இருக்கிறது. ஆய்வு நெறியாளர்களே, அடுத்து தலைப்பு கேட்டு வரும் மாணவரிடம் இதையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.