இரண்டே இடங்களுக்கான கணக்கு

மேல்விஷாரத்தில் அந்த பிரவுசிங் சென்டரில் நான்கு பேர்தான் உட்கார முடியும். பொறியியல் கலந்தாய்வு நாட்களில் பத்துப் பேராவது உள்ளே நிற்கிறார்கள். நான் போன அன்று, தோல் பதனிடும் டேனரியில் டிரம் வேலை பார்க்கும் ஒரு தந்தை மகனின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். போன வருடத்துக் கட்-ஆஃப்களை யாரோ அதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "கிண்டியை எடுத்துடுப்பா. கிடைக்காததை மேல போட்டா கிடைக்கிறதும் போயிடும்" என்றார். பையன் பட்டியலில் முதலில் இருந்த கிண்டி பொறியியல் கல்லூரியை அழித்தான்.

அந்த இடத்தில் எனக்கு மனசு பதறியது. அவர் சொன்னது தவறு. ஒவ்வோர் ஆண்டும் பல வீடுகளில் இதே தவறுதான் நடக்கிறது.

பையனின் மார்க்: கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90. தமிழ்நாட்டில் 2007-08 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே, மற்ற இரண்டும் 50-க்குச் சுருங்கும். 92, 44, 45 கூட்டினால் 200-க்கு 181. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். கணிதத்தில் கூடும் ஒரு மார்க், இயற்பியலில் கூடும் இரண்டு மார்க்குக்குச் சமம். இதைப் பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். மொழிப்பாட மார்க் இந்தக் கூட்டலில் வராது. வீட்டில் உருது பேசும் பிள்ளை தமிழில் எழுபது வாங்கினாலும் கட்-ஆஃப் அசையாது.

சரி, 181-க்கு என்ன கிடைக்கும்? எல்லோரும் போன வருடத்துப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் மார்க் என்பது அந்த வருடத்து வினாத்தாளைப் பொறுத்தது. கணிதத் தாள் கடினமாக வந்தால் 190-க்கு மேல் இருப்பவர்கள் குறைவார்கள். அதே 181-க்கு ரேங்க் முன்னால் வரும். தாள் எளிதென்றால் பின்னால் தள்ளும். ஆகவே மார்க்கை மார்க்கோடு ஒப்பிடுவதை விட ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுவதே நம்பகமானது. அதிலும் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இங்கேதான் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேல்விஷாரத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. பிசிஎம் எனப்படும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு ஒதுக்கீடு. அறுபது இடங்கள் கொண்ட ஒரு பிரிவில் அது இரண்டே இடம். பிசிஎம் மாணவர் முதலில் பொதுப் போட்டியின் 31 விழுக்காட்டில் போட்டியிடுகிறார். அங்கே எட்டாவிட்டால் இந்த இரண்டுக்கு வருகிறார். அப்படியானால் போன வருடத்து "பிசிஎம் கட்-ஆஃப்" என்பது என்ன? இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்த ஒரே ஒரு பிள்ளையின் மார்க். அந்தப் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் எண்ணே மாறியிருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து "நமக்கு இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. நான்கு வருடங்களையாவது வரிசையாக வைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது தெரியும்.

அந்தத் தந்தை பயந்த விருப்பப் பட்டியலிலும் இதே போலத் தவறாகத்தான் முடிவு கட்டுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். ரேங்க்குக்கு எட்டும் முதல் இடத்தில் நிற்கும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. பயந்து 'பாதுகாப்பான' கல்லூரியை முதலில் போட்டால்தான் ஆபத்து. அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே நீங்கள் உண்மையில் விரும்பியதைக் கணினி பார்க்கவே பார்க்காது.

சான்றிதழ்கள் ஒரு தனித் தலைவலி. சாதிச் சான்று இணைக்காவிட்டால் பொதுப் பிரிவில் போட்டுவிடுவார்கள். என்ஐடி-யில் ஒதுக்கீட்டில் சேர நினைப்பவர்களுக்கு மாநிலச் சான்று போதாது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய மத்திய ஓபிசி சான்று வேண்டும். திருச்சி என்ஐடி-யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. அதற்கான ஜேஇஇ மெயின் வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் கிடைக்கிறது. இந்த இரண்டும் தெரியாமலே பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று எனக்கு ஆறாத வருத்தம். 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அருமையான திட்டம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மேல்விஷாரம் தோல் தொழிலில் வந்த வருமானத்தைக் கல்விக்குக் கொடுத்த ஊர். 1965-ல் அப்துல் ஹகீம் கல்லூரி, 1998-ல் அதே பெயரில் பொறியியல் கல்லூரி என்று சமுதாயமே கட்டியெழுப்பியது. இப்படிப்பட்ட ஊர்களில் உதவி பெறும் பள்ளியில் படித்த தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. ஒரே டேனரியில் ஒரே கூலி வாங்கும் இருவரின் பிள்ளைகள், பள்ளியின் பெயர்ப் பலகையால் பிரிகிறார்கள். இதை அரசு மறுபடி யோசிக்க வேண்டும்.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். கிண்டி மறுபடி முதலிடத்துக்கு வந்தது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் 200-ஐ ஒட்டித்தான் முடியும், அவனுக்கும் தெரியும். அவன் பட்டியலில் ஆறாவதாக அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் தோல் தொழில்நுட்பம் இருந்தது. அதே கிண்டி வளாகம். 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து நடத்தும் பி.டெக். அதன் கட்-ஆஃப் கம்ப்யூட்டர் சயின்ஸை விடப் பல மார்க் கீழே இறங்கி வரும்.

தந்தையின் முகம் சுருங்கியது. "நீயும் வந்து டிரம் பக்கம் நிக்கணுமா?"

"டிரம்முக்குள்ள எதை எவ்வளவு போடணும்னு சொல்றவங்க இதைப் படிச்சவங்கதான்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனாவதுல வெச்சிருக்கே?" என்றார்.

"ஆறு."

"நாலுல வை."