மிதக்கும் வண்டி ரேஸ் கேம்கள்: வேகம் எங்கே இருக்கிறது?

போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அக்கா பையன், நான் 'வைப்அவுட் எச்டி' ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "என்ன மாமா, ஒரு பைப்புக்குள்ள போய்க்கிட்டே இருக்கு, அவ்ளோதானா?" என்றான். கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். முதல் வளைவில் சுவரில் இடித்தான், அடுத்ததிலும் இடித்தான். ஐந்து நிமிடத்தில் "இது ரொம்ப ஸ்பீடு, நமக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த வகை கேம் ஏன் சிலரை வருடக்கணக்கில் பிடித்து வைக்கிறது என்று அதன் பிறகு யோசித்ததுதான் இது.

தரையைத் தொடாமல் மிதந்து ஓடும் வண்டிகள், எதிர்காலத்தில் நடக்கும் பந்தயம். இந்த வகைக்கு இரண்டு மூல வேர்கள். ஒன்று, 1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கருவியோடு சேர்ந்தே வந்த நின்டெண்டோவின் 'எஃப்-ஜீரோ'. கதை நடப்பது 2560-ல். இன்னொன்று, 1995-ல் பிளேஸ்டேஷன் ஐரோப்பாவுக்கு வந்தபோது கூடவே வந்த 'வைப்அவுட்'. இதைச் செய்தது லிவர்பூலில் இருந்த சிக்னோசிஸ் நிறுவனம். இதன் கதை 2052-ல் நடக்கிறது, நமக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் பாக்கி.

'எஃப்-ஜீரோ'வின் டிராக் உண்மையில் ஒரே ஒரு தட்டையான படம். 'மோட் 7' என்ற வசதியால் அந்தப் படத்தைச் சுழற்றலாம், பெரிதாக்கலாம். திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும் வேறு வேறு அளவில் பெரிதாக்கினால் தூரத்தில் உள்ளது சின்னதாகவும் பக்கத்தில் உள்ளது பெரிதாகவும் தெரியும். கண் அதைத் தரை என்று நம்பிவிடும். மேடு, பள்ளம் எதுவும் அதில் வராது. பளிங்குத் தரை மாதிரி வழவழப்பான அந்தப் பரப்பில் சக்கரம் வைத்த காரைவிட மிதக்கும் வண்டிதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

ஆனால் சக்கரத்தை எடுத்ததும் வேறொன்று நடந்துவிடுகிறது. சாதாரண கார் ரேஸில் டயர் ரோட்டைப் பிடிக்கும், திருப்பினால் திரும்பும். வைப்அவுட்டில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. மூக்கு வலப்பக்கம் பார்க்கும், உடம்பு பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் இடமும் வலமுமாக இரண்டு ஏர்பிரேக். திரும்ப வேண்டிய பக்கத்து பிரேக்கை அழுத்தினால் அந்தப் பக்கம் இழுபட்டு வண்டி சுழலும். வளைவு வந்த பிறகு அழுத்தினால் சுவர்தான். வளைவு கண்ணில் படும்போதே, பல இடங்களில் அதற்கும் முன்பே, அழுத்தியிருக்க வேண்டும். மேடு வந்தால் மூக்கைத் தூக்க வேண்டும், இறங்கும்போது தாழ்த்த வேண்டும். அக்கா பையன் இடித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. அவன் காரை ஓட்டினான், அங்கே கார் இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்த கேம்களில் சிலவற்றில் திரையில் மணிக்கு 1000 கிலோமீட்டரைத் தாண்டி எண் ஓடும். அதை அப்படியே நம்பினால் விநாடிக்குச் சுமார் 278 மீட்டர். கண்ணால் கண்டு விரலை அசைக்க நமக்குக் கால் விநாடியாவது ஆகும், அதற்குள் கிட்டத்தட்ட 70 மீட்டர் போயிருக்கும். ஆக, பார்த்து ஓட்டுவது முடியாத காரியம். டிராக் மனப்பாடமாக வேண்டும். முதல் பத்து ரவுண்டு சுவரோடு சண்டை, அதற்கப்புறம் விரல்கள் தாமாகவே முன்கூட்டி அழுத்த ஆரம்பிக்கும். அந்த மாற்றம் நடக்கும் நாள்தான் இந்த கேமின் பரிசு என்பேன். அதே வேகம்தான், ஆனால் மெதுவாகப் போவது போலத் தெரியும்.

எண் என்னவோ அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டதுதான், அது வேற விஷயம். விமானம் 900 கிலோமீட்டரில் போகும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குறுகலான தெருவில் 40-ல் போகும் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தால் அடிவயிறு கலங்கும். சுவர் எவ்வளவு பக்கத்தில், கண் எவ்வளவு தாழ்வாக, படம் எவ்வளவு சீராக நகர்கிறது என்பதுதான் வேக உணர்வு. இதை இந்த கேம்களைச் செய்தவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1998-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த 'எஃப்-ஜீரோ எக்ஸ்' ஒரே நேரத்தில் 30 வண்டிகளை விநாடிக்கு 60 படங்கள் வீதம் ஓட்டியது. அதற்குக் கொடுத்த விலை, மொட்டையான காட்சிகள். பத்து வருஷம் கழித்து 2008-ல் 'வைப்அவுட் எச்டி'யும் அதே முடிவை எடுத்தது: காட்சி கனமாகும் இடங்களில் படத்தின் கிடைமட்டத் துல்லியத்தைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும், 60-ஐ விடாது. இரண்டு நாடு, இரண்டு குழு, அழகா சீரான ஓட்டமா என்ற கேள்விக்கு ஒரே பதில்.

எஃப்-ஜீரோ எக்ஸில் எனக்கு மிகப் பிடித்த சூதாட்டம் ஒன்று உண்டு. இரண்டாவது சுற்றிலிருந்து பூஸ்ட் கிடைக்கும், ஆனால் அது உங்கள் வண்டியின் உயிர்ப்பட்டையிலிருந்தே எடுக்கும். வேகம் வேணுமா, உயிரைக் கொடு. கடைசிச் சுற்றில் பட்டை நூலளவு மிஞ்சியிருக்க, முன்னால் ஒரே ஒரு வண்டி. சுவரில் லேசாக உரசினாலும் வெடித்துவிடும். அழுத்துவீர்களா? நான் எப்போதும் அழுத்துவேன். பாதி நேரம் வெடித்துப் போவேன்.

வைப்அவுட்டின் கவர்ச்சி வேறு. ஷெஃபீல்டின் 'தி டிசைனர்ஸ் ரிபப்ளிக்' வரைந்த அணிச் சின்னங்களும் கிளப்களில் ஒலித்த எலெக்ட்ரானிக் இசையும் சேர்ந்து, இது குழந்தை விளையாட்டு இல்லை என்று சொல்லின. இசை இங்கே வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. சீரான தாளத்தோடு விரல்கள் சேர்ந்துகொள்ளும்போது டிராக் சீக்கிரம் மனதில் ஏறும், எனக்கு அப்படித்தான் ஏறியது.

இந்த வகை ஏன் சுருங்கியது என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் அவமானம்தான். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி விற்பது கஷ்டம். முதல் வைப்அவுட்டில் சுவரில் இடித்தால் வண்டி கிட்டத்தட்ட நின்றே போகும், அடுத்த வருஷமே '2097'-ல் உரசிக்கொண்டு போக விட்டார்கள். இருந்தும் 2012-ல் அந்த ஸ்டுடியோ மூடப்பட்டது. 2004-க்குப் பிறகு எஃப்-ஜீரோவில் புதிதாக எதுவும் வராமல் 19 வருஷம் போனது. 2023-ல் 99 பேர் ஒன்றாக ஓடும் 'எஃப்-ஜீரோ 99' வந்தது. இடைப்பட்ட காலத்தில் இத்தாலியிலிருந்து 'ரெட்அவுட்', ஜெர்மனியிலிருந்து 'ஃபாஸ்ட் ஆர்எம்எக்ஸ்' என்று சின்னக் குழுக்கள்தான் விளக்கை அணையாமல் வைத்திருந்தன.

நான் இப்போது பெரும்பாலும் ஆடுவது 'ஜோன்' முறை. அதில் எதிராளி கிடையாது, ஆக்சிலரேட்டரும் கிடையாது. வண்டி தானே வேகம் கூட்டிக்கொண்டே போகும், சுவரில் உரச உரசக் கவசம் தேயும், கடைசியில் வெடிக்கும். அக்கா பையன் ஊருக்குப் போகும் முன் அதை ஒரு தடவை கேட்டு வாங்கி ஆடினான். ஜோன் 11-ல் முடிந்தது. "இன்னொரு வாட்டி மாமா" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.