கர்ப்பிணிகளைக் காத்த குரங்கு! மில் பெண்களுக்கு மருந்து தேடிய லேடி டாக்டர்

நல்லூர்,
பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். "கொமட்டுதுங்க" என்று சொல்லி, பலர் அதை அலமாரியிலேயே போட்டு விடுகிறார்கள்.

அந்த மாத்திரையில் இரும்போடு போலிக் ஆசிட் என்று ஒரு சத்தும் உண்டு. அதற்கு வழி காட்டியவர்கள் பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள்!

கண்டு பிடித்தவர் லூசி வில்ஸ். இங்கிலாந்துக்காரர். 1888-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது செடி கொடியும் பாறையும்தான். முதல் உலகப் போர் சமயம் தென் ஆப்பிரிக்காவில் நர்சு வேலை பார்த்தார். பிறகுதான் லண்டனில் டாக்டருக்குப் படித்து 1920-ல் பாசானார். கிளினிக் வைத்துச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அவர் நுழைந்தது லேபரட்டரிக்குள்!

ஊதிய ரத்த அணுக்கள்

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று இந்தியாவில் ஒரு விசாரணை நடந்தது. மார்கரெட் பால்பர் என்ற டாக்டர் அழைக்கவே, 1928-ல் வில்ஸ் பம்பாய் வந்தார்.

பஞ்சாலைக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தார். சிவப்பணுக்கள் கொஞ்சம்தான். இருந்தவையும் ஊதிப் பெருத்துக் கிடந்தன. வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்த வியாதி குறைவு. அப்படியானால் கோளாறு சாப்பாட்டில்தானே?

1929-ல் நம்ம மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சி தொடர்ந்தது.

பீர் கம்பெனிக் கழிவு!

ஏழைகள் சாப்பாடு போலவே சத்தில்லாத தீனி கொடுத்த குரங்குகளுக்கும் சோகை வந்தது. அதில் ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பீர் கம்பெனியில் மிஞ்சும் ஈஸ்டில் செய்யும் கறுப்புப் பசை அது. வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்பது.

குரங்கு தேறியது! கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். ஈரல் சத்து மருந்தை விட இது மலிவு. 1931-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

மார்மைட்டில் வேலை செய்த சரக்கு எது என்று அப்போது அவருக்கே தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லை வைத்து 'போலிக்' என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடிய சரக்கு அதுதான்! அவர் 1964-ல் காலமானார்.

இன்றைய அரசுக் கணக்குப்படி முதல் மூன்று மாதம் போலிக் ஆசிட் மட்டும். நாலாம் மாதத்திலிருந்து இரும்பும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள்.

ஷிப்டு நடுவே டீயோடு மாத்திரையை விழுங்குகிறவர்களும் உண்டு. டீ, இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.