கிண்டியில் வரைந்த படமும் மூளைக்குள் விளைந்த இழையும்

தாம்பரத்தில் என் இல்லத்திற்கு இரண்டு தெரு தள்ளி, என் பழைய தோழர் ஒருவர் வசிக்கிறார். முப்பது ஆண்டுகள் கணிதம் போதித்தவர். கவராயம் இன்றியே கரும்பலகையில் வட்டம் வரைவார். இன்று காப்பித் தம்ளரைச் சிந்தாமல் ஏந்த அவரால் இயலவில்லை. அவரைப் பற்றியிருப்பது பார்க்கின்சன் நோய். "நீர் விஞ்ஞானம் கற்பித்தவர் ஆயிற்றே, என் மூளைக்குள் என்னதான் நேர்ந்தது? சொல்லும்" என்று ஒரு நாள் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நடு மூளையில் டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. இந்நோயில் அவை மெல்ல மெல்ல மடிகின்றன. எஞ்சியவற்றுள் சிறு உருண்டைகள் காணப்படும். 1912-ஆம் ஆண்டில் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர் அவற்றை விவரித்தார். அங்கே திரண்டு கிடப்பவை ஆல்பா-சைனுக்ளீன் என்ற புரதத்தின் நுண்ணிழைகள். இப்புரதம் வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நலமுள்ள மூளையிலும் இருப்பதே. 140 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. நெகிழ்ந்து திரியும் இயல்பினது. அது விறைத்த இழையாவது எங்ஙனம்?

இதனை அறிய, மின்சார ரயிலேறிக் கிண்டிக்கு வாருங்கள். அங்குள்ள சென்னைப் பல்கலைக் கழக வளாகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் பணியாற்றினார். கோபிநாத் கர்த்தாவுடன் அவர் கொலாஜன் என்னும் புரதத்தை ஆராய்ந்து, அது முப்புரிக் கயிறு போன்றது என்று 1954-இல் உரைத்தார். அதனினும் பெரிது 1963-இல் வந்தது. புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் திரும்பக்கூடிய கணுக்கள் இரண்டு. அவை விரும்பியபடியெல்லாம் திரும்ப இயலாது; பல கோணங்களில் அணுவோடு அணு முட்டும். முட்டாத கோணங்கள் எவை என்பதை இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் கணக்கிட்டு, ஒரு சதுரப் படமாக வரைந்தார். இடம் கிடைத்தவை சில தீவுகளே. ஒரு தீவு சுருள் வடிவத்திற்கு உரியது. மற்றொன்று நீண்டு விரிந்த தகட்டு வடிவத்திற்கு உரியது. உயர்நிலைப் பள்ளி வடிவ கணிதம் அறிந்தவர்க்கும் அப்படம் ஓரளவு விளங்கும் என்பது என் அனுபவம்.

இனி, நோயிழைக்கு வருவோம். வாசலில் இடும் இழைக்கோலத்தை நினையுங்கள். ஒரே கோடு வளைந்து வளைந்து தரையோடு தட்டையாகப் படிகிறது. புரத மூலக்கூறு ஒன்றும், தன் நடுப்பகுதியில், அவ்வாறே தட்டையாகப் படிகிறது. அதே கோலம் அதன்மேல் மற்றொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என ஆயிரமாயிரம் அடுக்குகள். ஓரடுக்கிற்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். அடுக்குகளைப் பிணைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இழையின் நுனியே அச்சாக நின்று, அடுத்து வரும் மூலக்கூற்றையும் தன் கோலத்திற்கு மடிக்கிறது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள், இறந்தோர் மூளையிலிருந்து எடுத்த இழைகளை நொடியில் உறையவைத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். 2017-இல் அல்ஸைமர் நோயின் டௌ என்னும் புரத இழை தெரிந்தது. 2022-இல் பார்க்கின்சன் இழை தெரிந்தது. வேறொரு மூளை நோயிலும் இதே ஆல்பா-சைனுக்ளீன் இழையாகிறது; ஆனால் அங்கே கோலம் வேறு! ஒன்றில் பொருந்தும் மருந்து மற்றொன்றில் பொருந்தாது போகலாம் என்பதால் இது சிறு செய்தியன்று.

இழை விதியை மீறிப் பிறந்ததோ? அன்று. அதன் கணுக்கள் பெரும்பாலும் அந்தத் தகட்டுத் தீவிலேயே நிற்கின்றன. இன்றும் புரத வடிவம் ஒன்றைக் கண்டவர்கள், அது சரிதானா என்று கிண்டியில் பிறந்த அப்படத்தை வைத்தே சோதிக்கின்றனர்.

அப்படத்தை வரைந்த இராமச்சந்திரனையும் முதுமையில் பார்க்கின்சன் நோய் பற்றியது. 2001 ஏப்ரலில் சென்னையில் அவர் மறைந்தார்.

இதைக் கேட்ட என் தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் விழுங்கும் மாத்திரை அந்த அடுக்கைக் கலைக்குமா?" என்றார். லெவோடோபா என்னும் அம்மருந்து குறைந்த டோபமீனை ஈடு செய்யும். நடுக்கமும் விறைப்பும் தணியும். அடுக்கைக் கலைக்காது என்றேன். தாளொன்றை என் பக்கம் நகர்த்தி, "அந்தச் சதுரத்தை வரைந்து காட்டும்" என்றார்.