கொடுப்பதும் கூட நிற்பதும்

வணிகர்களாகிய நமக்குத் தர்மம் புதிதல்ல. புதுக்கணக்குப் போடும்போது பிள்ளையார் சுழிக்குக் கீழே லாபம் என்று எழுதுவது எப்படி வழக்கமோ, அப்படியே மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பதும் நம் முன்னோர் ஏற்படுத்திய வழக்கம். மகமைப் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் தமிழ்நாட்டில் ஏராளம். நம் தஞ்சைத் தரணியில் வெள்ளமோ புயலோ வந்தால் முதலில் கடையைத் திறந்து அரிசி மூட்டையை எடுத்துக் கொடுப்பவர் அந்தந்த ஊர் மளிகைக் கடைக்காரர்தான். இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் தர்மத்தைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் எத்தனை மூட்டை கொடுத்தோம், எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டோம் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் என்ன செய்தார், அடுத்த வருஷமும் அதே வரிசையில் வந்து நின்றாரா என்று நம் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் இராது. இந்தப் பக்கத்தை எழுதிப் பார்த்த ஒரு தம்பதியர் நம் கீழத்தஞ்சையில் வாழ்ந்தார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும்தான் அவர்கள். அவர்கள் வணிகர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செய்த காரியத்தின் நுட்பம் வேறு யாரையும்விட வணிகர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும் என்பதால் இதை எழுதுகிறோம்.

ஜெகந்நாதன் 1914இல் ராமநாதபுரம் சீமையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் அறைகூவலைக் கேட்டு 1930இல் கல்லூரிப் படிப்பை விட்டவர். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து தொண்டு பழகியவர். கிருஷ்ணம்மாள் 1926இல் அய்யங்கோட்டையில் தாழ்த்தப்பட்ட குலத்தில், நிலமில்லாக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். தகப்பனாரை இளவயதிலேயே இழந்த வீடு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்துப் பெண் பட்டம் பெறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகே திருமணம் என்று இருந்த ஜெகந்நாதன், 1950இல் கிருஷ்ணம்மாளை மணந்தார்.

அவர் காந்தியவாதி. அம்மையாரோ அதோடு வள்ளலாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். கொள்ளிடத்துக்கு அப்பால் வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிவைத்த தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அங்கே போகும் அரிசி மூட்டைகளில் நம் டெல்டாவின் மூட்டைகளும் உண்டு. பசித்தவனுக்குச் சோறிடுவதே கடவுள் வழிபாடு என்பது வள்ளலார் கொள்கை. அம்மையார் அதற்கும் அடுத்த படிக்குப் போனார். சோறு விளையும் நிலத்தில் இடுப்பு ஒடிய நாற்று நடுகிற பெண்ணுக்கே சோறில்லை என்றால், அவளுக்கு ஒரு வேளை இலை போடுவது போதுமா?

அரைப்படி நெல்

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு நடந்ததை நம் வட்டாரத்தார் யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது சிறுவர்களாக இருந்த நமக்கே, வீட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது நினைவில் நிற்கிறது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் முற்றிய தகராறு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் தீயில் கருகுவதில் முடிந்தது. மாண்டவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல்லின் விலை என்ன என்பது, படியும் மரக்காலும் பிடித்துப் பழகிய நமக்குத் தெரியும். அந்த அரைப்படிக்காக இத்தனை உயிர்கள் என்பதை இன்று எழுதும்போதும் கை நடுங்குகிறது.

செய்தி கேட்டுத் தலைவர்கள் வந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், போனார்கள். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வந்தவர்கள் போகவில்லை. அந்தப் பகுதிக் கிராமங்களிலேயே தங்கி, அந்த ஜனங்களோடு உண்டு உறங்கி, கீழத்தஞ்சையையே தங்கள் களமாக்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன் அவர்கள் விநோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். 1951இல் தெலங்கானாவில் போச்சம்பள்ளியில் தொடங்கிய அந்த இயக்கம், நிலம் உள்ளவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டது. உயர்ந்த எண்ணம். மனமுவந்து நல்ல நிலத்தைத் தந்த புண்ணியவான்களும் இருந்தார்கள். ஆனால் நாடெங்கும் தானமாக வந்த நிலத்தில் கணிசமான பகுதி கரம்பும் கல்லாங்குத்தும் வில்லங்கமுமாக இருந்தது. விற்காமல் தேங்கிய சரக்கைத் தர்மத்துக்கு ஒதுக்குகிற புத்தி நம் கடைவீதியிலும் இல்லாமல் இல்லையே!

சட்டமும் இருந்தது. 1961இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றும், 1970இல் 15 தர ஏக்கர் என்றும் உச்சவரம்பு வந்தது. ஆனால் அறக்கட்டளை பெயரிலும் வேறு பெயர்களிலும் எழுதிவைத்த நிலம் உச்சவரம்புக்குத் தப்பியது. வலிவலத்தில் கோயில் நிலத்துக்காக இவர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சிறைக்கும் போனார்கள்.

கடன் என்னும் மரியாதை

தானமும் சட்டமும் முழுப்பயன் தரவில்லை என்று கண்ட பிறகு, 1981இல் அவர்கள் எடுத்த வழிதான் நம்மை வியக்க வைக்கிறது. உழுபவருக்கு நிலம் என்னும் நோக்கத்தோடு லாஃப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாகப்பட்டினத்தை அடுத்த கூத்தூர் அதற்கு நடுநாயகமான இடம். நிலத்தை இலவசமாகக் கேட்பதில்லை, பறிப்பதும் இல்லை. விற்க நினைக்கும் மிராசுதாரரையும் அந்த நிலத்தில் வேலை செய்யும் கூலிக்காரரையும் எதிரெதிரே உட்கார வைத்து நியாயமான விலை பேசி, வங்கியில் கடன் வாங்கிக் கிரயம் செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பிரித்து, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்து, அவர்கள் விளைவிக்கும் நெல்லிலிருந்தே கடனை அடைப்பது என்று வகுத்தார்கள். அப்போது மிராசு வீட்டுப் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போய்க்கொண்டிருந்த காலம். விற்பவரும் உண்டு, வாங்குகிறவரும் உண்டு, இடையில் நம்பிக்கை மட்டும் இல்லை. அந்த இடத்தில் போய் இவர்கள் நின்றார்கள். நம் பாஷையில் சொன்னால் தரகு இல்லாத தரகு!

எளிதில் நடந்துவிடவில்லை. நிலமே இல்லாதவளுக்கு எந்த ஜாமீனில் கடன் தருவது என்று வங்கிகள் தயங்கின. முத்திரைத்தாள் செலவு பெருஞ்சுமையாக இருந்தது. கூலிக்காரர் கடனைக் கட்டமாட்டார் என்பது அன்றைய பொது அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தைப் பற்றி நமக்கு ஒரு வார்த்தை சொல்ல உண்டு. சில்லறைக் கடை வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். நடவு முடிந்து வேலை இல்லாத மாதங்களில் நூறு, இருநூறு என்று பற்று வைக்கும் கூலிக்காரப் பெண், அறுப்பு முடிந்ததும் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து எண்ணி வைத்துவிட்டுத்தான் அடுத்த சாமான் கேட்பாள். வருஷக்கணக்கில் இழுபடும் பாக்கி எந்த வீடுகளில் இருக்கிறது என்பதை இங்கே எழுதினால் மனஸ்தாபம் வரும். விட்டுவிடுவோம்.

தானம் வாங்குகிறவர் தலை குனிந்து நிற்கிறார். பற்று வைக்கிறவர் நிமிர்ந்து நிற்கிறார். ஏனென்றால் நீ திருப்பித் தருவாய் என்று அவரை ஒருவர் நம்பியிருக்கிறார். அம்மையார் அந்தப் பெண்களைக் கண்டு இரக்கப்பட்டார் என்பது உண்மை. அதைவிடப் பெரிதாக நாம் நினைப்பது, அவர்களை வரவு செலவுக்கு உரியவர்களாக அவர் மதித்ததைத்தான். நல்ல வெள்ளாமையில் ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டையாக முப்பது மூட்டை காணும். அதில் கடனுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, அடுப்புக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கும் கணக்கு, நேற்றுவரை மரக்கால் கூலிக்கு நின்ற பெண்ணின் கையில் வந்து சேர்ந்தது. இப்படி நிலம் பெற்ற குடும்பங்கள் ஏறத்தாழ 13,000. வேலையில்லாத மாதங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு என்று பட்டறைகளும் நடத்தினார்கள்.

மிராசுதாரர்களை இவர்கள் வையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்த ஊர்களிலும் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசினார்கள். எதிராளியின் மனத்திலும் ஒரு ஜோதி இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் இது முடியாது. பக்தி என்பது இங்கே பூஜை அறையில் நிற்கவில்லை. பேரம் பேசும் திண்ணைக்கே வந்துவிட்டது.

பிறகு 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நல்ல வயல்களை வெட்டிக் குளமாக்கி உப்புநீரைப் பாய்ச்சினார்கள். தீவனம், ஐஸ், டீசல் என்று கிளை வியாபாரங்கள் அப்போது செழித்தன என்பது உண்மைதான். ஆனால் அக்கம்பக்கத்துக் கேணிகள் உப்பாயின. நூறு பேர் வேலை செய்த வயலில் காவலாள் ஒருவர் மட்டும் நின்றார். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஜெகந்நாதன் அதற்கும் போராடி, சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1996 டிசம்பர் 11இல் வந்த தீர்ப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் 2013இல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண் விருதுகள் கிடைத்தன. இடையில் 2008இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் வாழ்வுரிமை விருது ஸ்வீடனிலிருந்து வந்தது.

கடற்கரையில் கண்டது

கூட நிற்பது என்பதற்கு நம் பகுதியில் இன்னொரு சாட்சியும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். உறவினரே தொடத் தயங்கிய உடல்களை, இந்துவா கிறிஸ்தவரா என்று பாராமல் இஸ்லாமிய இளைஞர்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள். கொஞ்சம் வடக்கே பரங்கிப்பேட்டையில் கல்யாண வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு மீனவக் குடும்பங்களுக்குப் போயிற்று. அதே நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணிகளும் வந்தன. கேட்காமல் வந்த அந்தத் துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மக்கின. கடலை நம்பிக் கைவீசி வாழ்ந்த மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். என்ன வேண்டும் என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயலின்போதும் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களுக்கு இரண்டு மூன்று தடவை அரிசி கிடைத்தது. உள்ளடங்கிய தெருக்களில் அடுப்பு எரியத் தாமதமாயிற்று. அந்தத் தெருக்கள் எவை என்று தெரிந்தவர்கள் அங்குள்ள பெட்டிக்கடைக்காரர்கள். அவர்களைக் கேட்டு வண்டி அனுப்பிய இடங்களில் குறை வரவில்லை.

இனி நம் கடைக்கு வருவோம். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி, வடகம் என்று செய்து எடுத்துவருகிறார்கள். பாக்கெட் சுத்தமாக இருக்கிறது. எடையும் சரியாக இருக்கிறது. பெரிய கம்பெனி ஏஜெண்டுக்குச் சரக்கு இறங்கியதும் பணம் தருகிற நம்மில் பலர், இந்தப் பெண்களிடம் மட்டும் "விற்றதும் வாங்கிக்கொள்ளம்மா" என்கிறோம். விற்ற பிறகும் நாலு தடவை நடக்க விடுகிறோம். பஸ் செலவிலேயே அவர்கள் லாபம் கரைகிறது. குழுவில் வாங்கிய கடனுக்கோ தவணை தேதி தவறாமல் வருகிறது.

குழுச் சரக்குக்கு இறக்கும்போதே ரொக்கம், அல்லது ஏழு நாளில் பணம் என்று உறுப்பினர் கடைகளில் ஒரே முறையாக வைத்துக்கொள்ள முடியுமா? கெட்டுப்போகும் சரக்கை மாற்றித் தருவது பற்றியும் அந்தக் குழுத் தலைவிகளையே அழைத்து உட்காரவைத்துப் பேசவேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை வைக்க எண்ணியிருக்கிறோம். கிளைச் சங்கத்தார் தத்தம் ஊரில் எத்தனை குழுக்கள் சரக்குப் போடுகின்றன, இப்போது எத்தனை நாளில் பணம் போகிறது என்ற விவரத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் பேச வசதியாக இருக்கும்.