பச்சையாகத் தெரியும் சிவப்புப் பாசி

மண்டபம், பாம்பன் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் பாறைக்குட்டைகளில் பாசி பார்க்கப் போகிறவர்கள் நிறத்தை நம்பக்கூடாது. கப்பாபைகஸ் ஆல்வரேசி என்ற இனம் வகைப்பாட்டில் சிவப்புப் பாசிதான். கண்ணுக்குப் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும். பச்சையத்தை மறைக்கும் செந்நிறமி குறைந்த ரகங்கள் பச்சையாகவே இருக்கும்.

ராமநாதபுரம் கரையில் இதைப் ‘பெப்சி பாசி’ என்பார்கள். பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பூர்வீகம் பிலிப்பைன்ஸ். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக 1980-களில் ஜப்பானிலிருந்து ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள்.

கையில் எடுத்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். நம்மூர்க் கஞ்சிப் பாசி மெலிந்த நூல்கொத்து. மரிக்கொழுந்துப் பாசி கம்பிபோல விறைத்து, இருபுறமும் சிறுகிளைகள் விட்டிருக்கும். கப்பாபைகஸின் தண்டோ உருண்டு, சதைப்பற்றோடு, விரல் தடிமன்வரை வளரும், தொட்டால் வழவழக்கும். கிளைகளில் ஒழுங்கு கிடையாது, நுனி கூர்ந்திருக்கும். புதுத்தண்டை வளைத்தால் மொடுக்கென்று ஒடிந்துவிடும்.

அந்த ஒடிதலில்தான் ஆபத்தும் இருக்கிறது. விதை, வித்து எதுவும் வேண்டாம். ஒடிந்த துண்டே புதுச்செடி. மூங்கில் மிதவையில் துண்டுகளைக் கட்டிவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. அலையில் கழன்ற துண்டும் வளரக்கூடும். பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் பவளங்களில் இது படர்ந்திருப்பது 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மான்கொம்புப் பவளத்தின் கிளைகளைப் போர்வைபோல மூடிவிடுகிறது. வெளிச்சம் போனால் பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் முடங்கும், பவளம் பட்டினியில் சாகும்.

ஹவாயின் கனியோஹே விரிகுடாவும் 1970-களில் வளர்ப்புக்கு வந்த இதே இனக் கூட்டத்தால் அவதிப்பட்டது. படகிலிருந்து குழாய் இறக்கிப் பாசியை உறிஞ்சி எடுத்தார்கள். மிச்சத்தைத் தின்னக் கடல் முள்ளெலிகளை விட்டார்கள். ராமநாதபுரம் கரையிலோ பாசி வளர்ப்பு பல பெண்களுக்குப் பிழைப்பு. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எங்கே வளர்ப்பது என்பதுதான் கேள்வி.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக் கண்டு பதற வேண்டாம், மிதவையிலிருந்து கழன்று வந்திருக்கும். பாறையையோ பவளத்தையோ பற்றியபடி வளர்ந்திருந்தால்தான் விஷயம். அதைப் பிய்த்து எறியாதீர்கள், ஒன்று பத்தாகிவிடும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.